ராபர்ட் லாம்: 'சிகாகோ' குழுவின் பாடலாசிரியரை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

மெட்டுக்காரன்:

சிகாகோ என்ற அமெரிக்க ராக் குழுவின் பெயரைச் சொன்னதும் பலருக்கு நினைவுக்கு வருவது எண்பதுகளின் மெதுவான காதல் பாட்டுகளும் பீட்டர் செட்டெராவின் உச்சக் குரலும்தான். ஆனால் 1969 தொடங்கி எழுபதுகளின் நடுப்பகுதி வரை அந்தக் குழுவுக்கு அதிகமாக எழுதிக் கொடுத்தவர் கீபோர்டு வாசித்த ராபர்ட் லாம். அவர் எழுதியதை மட்டும் பிரித்தெடுத்து வரிசையாகக் கேட்க வேண்டும். எந்த ஆல்பத்தில் தொடங்குவது? ஒரே பாட்டு மூன்று நான்கு நீளங்களில் கிடைக்கிறதே, எது மூலம்? அப்படியே இன்னொன்று: டிரம்பெட், டெனர் சாக்ஸ், டிராம்போன் என மூன்று பேர் இருக்கும் ஒரு சிறிய குழு '25 ஆர் 6 டு 4' வாசிக்க வேண்டுமானால் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பழந்தட்டு:

முதல் விதி, யார் பாடுகிறார் என்பதை வைத்து யார் எழுதியது என்று முடிவு கட்டாதீர்கள். லாமின் பெயர் வெளியே தெரியாமல் போனதற்கே பாதிக் காரணம் அதுதான். '25 ஆர் 6 டு 4' பாடுவது செட்டெரா, எழுதியது லாம். 'டயலாக்'கில் கிட்டார் வாசித்த டெர்ரி கேத் கேள்வி கேட்க செட்டெரா பதில் சொல்வார். இரண்டு குரலுக்கும் வார்த்தை கொடுத்தவர் லாம். எதிர்ப்பக்கமும் உண்டு. 'மேக் மீ ஸ்மைல்', 'கலர் மை வேர்ல்ட்' இரண்டும் லாமுடையவை என்று பலர் நினைக்கிறார்கள். அவை டிராம்போன் வாசித்த ஜேம்ஸ் பாங்கோ எழுதியவை. சிகாகோ தட்டுகளில் ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதியவர் பெயர் தனித்தனியாக இருக்கும், அதைப் பார்த்தே பட்டியல் போடுங்கள்.

தொடக்கம் 1969-ல் வந்த 'சிகாகோ டிரான்சிட் அதாரிட்டி'. இரட்டைத் தட்டு. அதில் ஆறு பாட்டுகள் லாம் தனியாக எழுதியவை, 'சம்டே' பாங்கோவுடன் சேர்ந்து எழுதியது. 'போயம் 58'-ஐ முதல் தடவை கேட்பவர்கள் ஏமாறுவது வழக்கம். முதல் பாதி முழுக்க கிட்டார், பேஸ், டிரம்ஸ் மட்டும்தான். பாட்டும் ஹார்னும் (டிரம்பெட், சாக்ஸ், டிராம்போன்) அதற்குப் பிறகே வரும். பாதியில் தாவிவிட வேண்டாம். கேத்தின் கிட்டாருக்கு லாம் எவ்வளவு இடம் விட்டு எழுதினார் என்பது அங்கேதான் தெரியும்.

நீளம் பற்றி: வானொலிக்காக வெட்டப்பட்ட சிங்கிள்கள்தான் பெரும்பாலான தொகுப்புகளில் இருக்கின்றன. '25 ஆர் 6 டு 4' ஆல்பத்தில் ஏறத்தாழ 4 நிமிடம் 50 விநாடி, சிங்கிளில் 3 நிமிடத்துக்கும் குறைவு. வெட்டுப்பட்டதில் கேத்தின் வா-வா (மிதிகட்டையால் ஒலியை வளைக்கும்) கிட்டார் தனியின் ஒரு பகுதியும் அடக்கம். 'பிகினிங்ஸ்' ஆல்பத்தில் 8 நிமிடத்தைத் தொடும். முடிவில் தாள வாத்தியங்கள் மட்டும் நெடுநேரம் ஓடித் தேய்ந்து மறையும். சிங்கிளில் அது இல்லை. 'டஸ் எனிபடி ரியலி நோ வாட் டைம் இட் இஸ்?' பாட்டுக்கு முன் லாம் தனியாக வாசிக்கும் பியானோ முன்னுரை ஒன்று இருக்கிறது, எதிலும் கட்டுப்படாமல் அலையும். அது முடிந்த கையோடு ஹார்ன்கள் நிமிர்ந்து நுழைவதுதான் அந்தப் பாட்டின் வாசல். வெட்டிய வடிவத்தில் நேராக வீட்டுக்குள் நிற்பீர்கள். ஸ்ட்ரீமிங்கில் தேடும்போது பாட்டின் பெயரைத் தட்டாதீர்கள், ஆல்பத்தின் பெயரைத் தட்டி உள்ளே போங்கள். கால அளவு குறைவாக இருந்தால் அது சிங்கிள்.

இரண்டாவது ஆல்பம் (1970), பிறகு மூன்றாவது (1971), அதற்குப் பிறகு ஐந்தாவது. 1972-ல் வந்த ஐந்தாவது ஆல்பத்தை லாமின் ஆல்பம் என்றே சொல்லலாம். ஒன்று பாங்கோவுடையது, ஒன்று கேத்துடையது, மீதி எல்லாம் இவர் எழுதியது. அமெரிக்கப் பட்டியலில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. 'சாட்டர்டே இன் த பார்க்' இதில்தான். ஆனால் அதோடு நிறுத்திவிடாமல் 'எ ஹிட் பை வரேஸ்', 'ஸ்டேட் ஆஃப் த யூனியன்', 'குட்பை' மூன்றையும் கேளுங்கள். பூங்காவில் சிரித்துக்கொண்டு நடக்கும் அதே கை, அடுத்த பாட்டிலேயே அரசியலைப் பிடித்து உலுக்கும். 'டயலாக்' இரண்டாம் பகுதியின் கடைசியில் வாத்தியங்கள் ஒவ்வொன்றாக விலகி, குரல்கள் மட்டும் மிஞ்சி, அதுவும் சட்டென்று நின்றுபோகும். சத்தத்தைச் சற்று கூட்டிவைத்துக் கேட்டால் அந்த வெட்டு எவ்வளவு துணிச்சலானது என்பது புரியும்.

மூன்றுசுருதி:

பழந்தட்டு சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 'லாமின் ஹார்ன் எழுத்து' என்று பலர் பாராட்டுவது பெரும்பாலும் பாங்கோவின் ஏற்பாடு. மெட்டும் வார்த்தையும் கார்டுகளும் லாமிடமிருந்து வரும். அதன்மேல் லீ லக்னேன் (டிரம்பெட்), வால்டர் பாராசைடர் (சாக்ஸ், புல்லாங்குழல்), தன் டிராம்போன் ஆகிய மூன்றுக்கும் பகுதி எழுதியவர் பாங்கோ. லாமின் திறமை எங்கே என்றால், ஹார்ன்கள் பின்னணிக்கு வண்ணம் பூசாமல் பாடகருக்குப் பதில் சொல்வதற்குத் தோதாக வரிகளுக்கு நடுவே இடைவெளி விட்டதில். 'குவெஸ்சன்ஸ் 67 அண்ட் 68' கேளுங்கள், பாடும் குரலும் ஹார்னும் மாறி மாறிப் பேசுவது தெளிவாகக் கேட்கும்.

இனி வாசிப்பு. '25 ஆர் 6 டு 4' ஏ மைனர். அடிநாதம் ஏ, ஜி, எஃப் ஷார்ப், எஃப், ஈ என்று இறங்கும். இந்தப் பாட்டைக் கெடுப்பவர்கள் பெரும்பாலும் மூன்றாவது சுரத்தில்தான் கெடுக்கிறார்கள். ஏ மைனர் என்றதும் கை தானாக எஃப் நேச்சுரலுக்குப் போகும். அங்கே எஃப் ஷார்ப் வராவிட்டால் அடுத்து எஃப்-க்கு இறங்கும் அந்த அரைச் சுர வழுக்கல் காணாமல் போய்விடும், பாட்டின் பதற்றமே அதில்தான் இருக்கிறது. கிட்டார் அந்த இடத்தில் பவர் கார்டு (மூலச் சுரமும் அதன் ஐந்தாவது சுரமும் மட்டும்) பிடித்தால் சி ஷார்ப் வரும். கீபோர்டுக்காரர் அதே நேரத்தில் சி நேச்சுரலை வைத்திருந்தால் இரண்டும் உரசும். எது என்று ஒத்திகைக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

எழுதிக்கொடுக்கும்போது: டிரம்பெட்டுக்கு ஒலிக்கும் சுரத்தைவிட ஒரு முழுச் சுரம் மேலே எழுத வேண்டும். டெனர் சாக்ஸுக்கு ஒரு ஆக்டேவும் ஒரு முழுச் சுரமும் மேலே. ஆக இருவர் தாளிலும் இது பி மைனர். டிராம்போனுக்கு மாற்றமே வேண்டாம், பேஸ் கிளெஃபில் ஒலிக்கிறபடியே. டெனருக்கு அந்த ஆக்டேவை மறந்து டிரம்பெட் தாளையே நகலெடுத்துக் கொடுப்பது அடிக்கடி நடக்கும் தப்பு. சுரம் சரியாக இருக்கும், ஆனால் சாக்ஸ் டிராம்போனுக்கும் கீழே போய்ப் படுத்துவிடும், அடுக்கு தலைகீழாகும்.

மூவரையும் நெருக்கமான அடுக்கில் வையுங்கள், பொதுவாக மேலே டிரம்பெட், நடுவில் டெனர், கீழே டிராம்போன். மூலச் சுரத்தை டிராம்போனுக்குக் கொடுக்காதீர்கள், அதை பேஸ் கிட்டார் பார்த்துக்கொள்ளும். மூன்று பேர்தான் இருக்கிறார்கள், கார்டின் மூன்றாவது சுரமும் ஏழாவது சுரமும் அவர்கள் கையில் இருக்கட்டும். கீபோர்டில் வலது கை அதே உயரத்தில் முழுக் கார்டு அடித்தால் ஹார்ன்கள் மூழ்கிவிடும். ஹார்ன் வரும் இடங்களில் இரண்டு சுரம் போதும்.

மெட்டுக்காரன்:

நன்றி, இரண்டு பேருக்கும். பாடகருக்கு உயரம் எட்டாவிட்டால் சுருதியை இறக்கலாமா? 1978-க்குப் பிறகு லாம் என்ன செய்தார் என்பதும் வேண்டும்.

மூன்றுசுருதி:

இறக்கலாம். ஒரு முழுச் சுரம் இறக்கி ஜி மைனர் ஆக்கினால் டிரம்பெட்டுக்கும் டெனருக்கும் ஏ மைனர், வாசிக்க இன்னும் எளிது. இழப்பு கிட்டாருக்கு: திறந்த ஏ, ஈ கம்பிகளின் முழக்கம் போய்விடும். கிட்டாரை ஒரு முழுச் சுரம் தளர்த்திக் கட்டினால் அதுவும் திரும்பக் கிடைக்கும். தடிமனான கம்பி போடுங்கள், இல்லாவிட்டால் ஆறாம் கம்பி தளர்ந்து சுருதி அலையும். டிரம்பெட்காரரின் உதட்டையும் நினைவில் வையுங்கள்: ஒத்திகையில் உச்சச் சுரங்களை ஒரு ஆக்டேவ் கீழே வாசிக்கச் சொல்லிவிட்டு, கடைசிச் சுற்றில் மட்டும் முழு உயரத்தில் கேளுங்கள்.

இரவுவானொலி:

1977-ல் தயாரிப்பாளர் ஜேம்ஸ் வில்லியம் குவெர்சியோவுடன் பிரிவு, 1978 ஜனவரி 23-ல் கேத்தின் மரணம். இந்த இரண்டுக்கும் பிறகு குழுவின் நடையே மாறியது. 1982-ல் டேவிட் ஃபாஸ்டர் தயாரித்த பதினாறாவது ஆல்பத்தில் லாமின் பெயரை 'கெட் அவே'யில் இணை எழுத்தாளராகத்தான் பார்க்கலாம். 'ஹார்ட் டு சே ஐ'ம் சாரி' முடிந்ததும் ஹார்ன்களோடு பாய்ந்து வரும் வால்பகுதி அது. வானொலிகள் பல நேரம் அதை வெட்டிவிடும், அதனால் அந்தக் காலத்து லாமும் காதில் விழாமலே போனார். எழுத்து வற்றிவிட்டது என்று நினைப்பவர்கள் 'ஸ்டோன் ஆஃப் சிசிஃபஸ்' கேட்க வேண்டும். 1993-ல் பதிவானது; நிறுவனம் கிடப்பில் போட்டு, 2008-ல்தான் வெளியே வந்தது. அதில் 'ஆல் த இயர்ஸ்' ஒன்று போதும்.

தனி ஆல்பங்களில் முதலாவது 1974-ல் வந்த 'ஸ்கின்னி பாய்'. அதே பெயர்ப் பாட்டு சிகாகோவின் ஏழாவது ஆல்பத்தின் முடிவிலும் இருக்கிறது, அங்கே ஹார்ன்களோடு. இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டால், லாம் எங்கே முடிகிறார், குழு எங்கே தொடங்குகிறது என்பதைக் காதாலேயே பிரிக்கலாம். இந்தத் திரியின் கேள்விக்கு இதைவிட நேரான பதில் இல்லை. பிறகு 2000-ல் வந்த 'லைக் எ பிரதர்': 'அமெரிக்கா' குழுவின் ஜெர்ரி பெக்லி, பீச் பாய்ஸின் கார்ல் வில்சன், லாம் மூவரும் சேர்ந்தது. கார்ல் 1998-லேயே இறந்துவிட்டார், அதனால் ஆல்பம் அவர் இல்லாமல்தான் வெளியானது. 2003-ன் 'சட்டில்ட்டி அண்ட் பேஷன்', 2008-ன் 'த போஸா ப்ராஜெக்ட்' இரண்டும் பிறகு. 2017-ல் பாங்கோ, செட்டெராவுடன் லாமும் பாடலாசிரியர் மன்றத்தின் புகழ்க் கூடத்தில் சேர்க்கப்பட்டார்.

பழந்தட்டு:

பதிப்புகள் விட்டுப்போச்சு. இரண்டாவது ஆல்பத்துக்கு ஸ்டீவன் வில்சன் 2017-ல் செய்த மறுகலவை (ரீமிக்ஸ்), முதல் ஆல்பத்துக்கு டிம் ஜெசப்பின் 2019 மறுகலவை. ஹார்ன் பகுதியைக் காதால் எழுதி எடுக்க இரண்டுமே உதவும், அடுக்குகள் விலகித் தெரியும். ஆனால் முதல் கேட்பு பழைய கலவையாக இருக்கட்டும், ஒலி அளவுகளின் விகிதம் அதில்தான் அன்று முடிவானபடி இருக்கிறது. 1971-ன் கார்னகி ஹால் நான்கு தட்டுத் தொகுப்பில் ஹார்ன் ஒலி மெலிந்திருப்பதாக பாங்கோவே குறைப்பட்டிருக்கிறார், அதை வைத்துப் பகுதி எழுதாதீர்கள். இருந்தாலும் அதைத் தள்ளிவிட முடியாது: அன்றைய அமெரிக்க அதிபர் நிக்சனை நோக்கி லாம் எழுதிய 'எ சாங் ஃபார் ரிச்சர்ட் அண்ட் ஹிஸ் ஃப்ரெண்ட்ஸ்' அன்று வெளியானது அந்த மேடைப் பதிவில் மட்டுமே. ஐந்தாவது ஆல்பத்தின் 2002 மறுவெளியீட்டில் அதன் ஸ்டூடியோ வடிவம் இருக்கிறது, ஆனால் குரல் கிடையாது. வார்த்தை வேண்டுமென்றால் கார்னகி ஹாலுக்குத்தான் போக வேண்டும்.