ஐப்பசி மழையில் நால்வர் இசையும் ஓவியமும்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

கோத்தகிரிவாசி

இரண்டு ஆண்டுகளாக மனத்தில் உறுத்திக்கொண்டிருப்பதை எழுதிவிடுகிறேன். கூதிர்காலக் கச்சேரிக்காக மலையேறி வந்த தந்தி நால்வர் குழு (இரண்டு வயலின், ஒரு வயோலா, தரையில் ஊன்றி வாசிக்கும் பெரிய செல்லோ ஒன்று), எங்கள் ஊரில் தகரக் கூரை போட்ட பழைய பங்களாக் கூடத்தில் வாசித்தது. பக்கத்திலேயே நீலகிரிப் பழங்குடியான ஆலு குறும்பர் இனத்து ஓவியர் ஒருவர், பாறையில் தேனெடுக்கும் காட்சியை வேங்கைப் பிசின் கொண்டு துணியில் வரைந்துகொண்டிருந்தார். இசையமைப்பாளர் ஹைடன் 1797இல் ஆஸ்திரியப் பேரரசருக்காக அமைத்த மெட்டை அவரே ஒரு நால்வர் படைப்பில் எடுத்தாண்டிருக்கிறாரே, அதன் இரண்டாம் பகுதியை வாசித்தார்கள். அதில் அந்த மெட்டு மாறாமல் ஒவ்வொரு வாத்தியமாகக் கைமாறிக்கொண்டே போகும். அது செல்லோவுக்கு வந்த நேரத்தில் மழை கொட்டத் தொடங்கியது. கூரைச் சத்தத்தில் வயலின்கள் மறைந்துபோயின. செல்லோ மட்டும் தரைப்பலகை வழியாக என் பாதத்துக்கு வந்தது. அப்போதுதான் ஓவியரைப் பார்த்தேன். கையைத் துணிக்கு ஒரு சாண் மேலே நிறுத்தி, அசையாமல் இருந்தார். அந்தப் பகுதி முடியும்வரை அவர் வரையவே இல்லை. இசை ஒரு மனிதரின் கையை அப்படிப் பிடித்து நிறுத்தியதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கொடைக்கானல் ஆசிரியர்

நண்பர் எழுதியது அழகாக இருக்கிறது. ஆனால் இதை ஒரு கூட்டுமுயற்சியின் வெற்றியாக என்னால் ஏற்க முடியவில்லை. ஓவியர் நின்றுபோனார் என்றால் இரண்டு கலைகளும் ஒன்றையொன்று தடுத்தன என்றுதானே பொருள்? எங்கள் ஊரில் நான் கேட்ட கச்சேரியில், ஓவியர் கரிக்கோலால் பெரிய தாளில் வரைந்தார். நால்வரும் வில்லை நரம்பில் பட்டும் படாமலும் இழுத்து, மூச்சளவு ஒலிக்கு இறங்கியபோது, கூடம் முழுவதும் கேட்டது கரி தாளில் உரசும் ஓசைதான். வயோலா வாசித்த அம்மையார் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கி, ஓவியரான தம் நண்பர் ஹார்ட்மன் மறைந்த மறு ஆண்டு, 1874இல், அவருடைய ஓவியக் கண்காட்சியைப் பார்த்த பிறகு வீட்டுக்குப் போய்ப் பியானோவுக்கு இசை எழுதினார். ஓவியம் முடிந்த பிறகே இசை பிறந்தது. இரண்டையும் ஒரே மேடையில் ஒரே நேரத்தில் உட்கார வைத்தால், கண் எப்போதும் காதை முந்திக்கொள்ளும். ஓவியங்களைச் சுவரில் மாட்டிவிட்டு அவற்றின் நடுவே வாசிக்கட்டும். அதுவே முறை என்பது என் உறுதியான கருத்து.

குன்னூர் வயலின் மாணவி

ஒரு கச்சேரியின் நடுவே முதல் வயலினில் தந்தியை முறுக்கிப் பிடிக்கும் பிருடை நழுவித் தந்தி தொய்ந்துபோனதை நேரில் பார்த்தேன். அவர் அதைத் திருகிப் பிடித்துக்கொண்டே எங்களைப் பார்த்த பார்வை மறக்கவில்லை. ஆகவே, ஏற்பாடு செய்பவர்களுக்குச் சில சொல்ல வேண்டும். சமவெளியிலிருந்து வரும் வாத்தியத்தை வந்தவுடன் திறக்க வைக்காதீர்கள். பெட்டி மூடியபடியே கூடத்தில் சில மணி நேரம் இருந்து, அந்தக் குளிருக்குப் பழகட்டும். நம் மழைக்கால ஈரத்தில் மரம் உப்பிப் பிருடை இறுகும். அதே கூடத்தில் கணப்பு மூட்டினால் மரம் காய்ந்து பிருடை தளரும். ஒரே மாலையில் இரண்டும் நடந்தால் எந்தச் சுருதியும் நிற்காது. எனவே கணப்பை மூட்டுவதானால் காலையிலேயே மூட்டுங்கள், இல்லையேல் மூட்டவே வேண்டாம். வாசிப்பவர்களைக் கணப்புக்கு அருகில் ஒருபோதும் உட்கார வைக்காதீர்கள். சன்னல் பக்கமும் கூடாது, மூடுபனி உள்ளே வரும். தகரக் கூரையானால் பகல் பதினொரு மணிக்கே கச்சேரியை வையுங்கள், இங்கே ஐப்பசி மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் பிடிக்கும்.

அரவேணுக்காரர்

கோத்தகிரிக் கச்சேரியில் நானும் இருந்தேன், ஓவியருக்குப் பின்வரிசையில். கச்சேரி முடிந்ததும் அவரிடம், ஏன் ஐயா நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டேன். மழை வந்ததும் பிசின் காயவில்லை, மேலே அடுத்த கோடு போட்டால் கலங்கிவிடும் என்றார். காய்ந்ததா என்று பார்க்க, தேனடைக்குக் கீழே விரலால் ஒருமுறை தொட்டும் பார்த்தார். காத்திருந்த நேரத்தில் என்ன செய்தீர்கள் என்றதற்கு, அந்தப் பெரிய வாத்தியத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன், அது மழைக்கு அடங்கவில்லை என்றார். கொடைக்கானல் ஆசிரியர் ஐயா, இதில் எது எதைத் தடுத்தது என்று எனக்குத் தெரியவில்லை.

கோத்தகிரிவாசி

அந்தத் துணியை அன்று வாங்கியவன் நான்தான். தேனடைக்குக் கீழே சிவந்த புள்ளி ஒன்று உண்டு. அதை ஒரு தேனீ என்றே இதுவரை நினைத்திருந்தேன். இப்போது விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன், உள்ளே ரேகைகள் தெரிகின்றன.