நம்ம வீடு 🏠 (அக்டோபர் ட்ரிப்)

செந்தில்: எல்லாரும் பாருங்க. வியாழக்கிழமை அம்மாவுக்கு சென்னையில விசா அப்பாயின்ட்மென்ட். தங்குற இடத்தோட புக்கிங் பேப்பர் வேணும். இன்னிக்கு ராத்திரிக்குள்ள முடிவு பண்ணணும். ஸ்பெயின்ல மாலகா, நெர்ஹா, கிரனாடா மூணுல எது?

பாபு: செவில்

கலா அக்கா: கடல் இல்லாத ஊருக்கு நிலா வரமாட்டா

அம்மா: எனக்கு எங்கயா இருந்தாலும் சரிப்பா படி மட்டும் வேணாம் வலது முட்டி ராத்திரியானா வீங்கிடுது நேத்து பால்காரர் மணி அடிச்சப்ப எழுந்திரிக்கவே முடியல

கலா அக்கா: வீக்கமா?? என்கிட்ட சொல்லவே இல்ல

ரேவதி அண்ணி: போன வாரம் சொன்னாங்க அக்கா, தைலம் போட சொன்னேன்

கலா அக்கா: ஓ. உங்ககிட்ட சொல்லிருக்காங்க

செந்தில்: அத அப்புறம் பேசலாம். நான் மூணு நாளா இதத்தான் பாத்துட்டு இருக்கேன், பொறுமையா படிங்க. கிரனாடா அழகுதான் ஆனா கடல்மட்டத்துலேருந்து 700 மீட்டர், அக்டோபர் கடைசில பகல்ல வெயில் அடிச்சாலும் ராத்திரி 10 டிகிரிக்குக் கீழ கூட போகும், பாக்க நல்லாருக்கிற வீடெல்லாம் அல்பைசின் பக்கம், அங்க தெருவே கூழாங்கல்லு பதிச்ச மேடு, டாக்ஸி எல்லா சந்துக்குள்ளயும் வராது, அம்மாவ வச்சுக்கிட்டு என்ன பண்றது. மாலகான்னா ஏர்போர்ட்லேருந்து ட்ரெயின்லயே போயிடலாம் ஆனா டவுன் நடுவுல ராத்திரி சத்தம் இருக்கும். நெர்ஹா ஏர்போர்ட்லேருந்து கார்ல ஒரு மணி நேரம், கடல் இருக்கு, பகல்ல 22, 23 டிகிரி, அங்கேருந்து கிரனாடாவும் ஒண்ணரை மணி நேரத்துக்குள்ள போயிடலாம், ஒரு நாள் போயிட்டு வந்துரலாம். கிச்சனோட ஃபிளாட்டா எடுத்தா சோறு வடிச்சுக்கலாம், அங்க ஹோட்டல்ல ராத்திரி சாப்பாடு எட்டு எட்டரைக்கு முன்னாடி கிடைக்கிறது கஷ்டம், அம்மா ஏழு மணிக்கு சாப்பிட்டு மாத்திரை போடணும்

பாபு: 👍

மூர்த்தி மாமா: நெர்ஹா ஓகே. ஹீட்டர் வேலை செய்யுமான்னு கேட்டுக்கோ 😄

பாபு: வேல்ஸ் ட்ரிப் 😂😂

செந்தில்: மாமா அது வீட்டுக்காரர் தப்பு, எத்தனை தடவை சொல்றது

கலா அக்கா: ஹீட்டர் இல்ல செந்தில் விஷயம். எப்பவும் நீ முடிவு பண்ணிட்டு அப்புறம்தான் எங்கள கேக்குற. அப்பா காரியத்துக்கும் அப்படித்தான்

ரேவதி அண்ணி: அக்கா இங்க வேணாமே, அம்மா படிக்கிறாங்க

சித்தப்பா: காலை வணக்கம் 🌹 ஸ்பெயினில் அரிசி கிடைக்குமா?

ரேவதி அண்ணி: கிடைக்கும் சித்தப்பா, ஆனா குட்டை குட்டையா உருண்டை அரிசி, குழைஞ்சிடும். பொன்னி நாங்க எடுத்துட்டுப் போறோம்

அம்மா: நான் நெய் காய்ச்சி ஒரு பாட்டில் எடுத்துட்டு வரேன்

ரேவதி அண்ணி: நெய் வேணாம் அத்தை, பால் சாமான் எதையும் வெளியிலேருந்து அங்க உள்ள கொண்டுபோக விடமாட்டாங்க. லண்டன்லேருந்து நாங்களும் கொண்டுபோக முடியாது. தயிர் அங்கயே வாங்கிக்கலாம்

அம்மா: நெய்க்குமா

கலா அக்கா: செந்தில் நீ அனுப்பின ஃபிளாட்ட பாத்தேன். முதல் மாடி. லிஃப்ட்டுன்னு எங்கயும் போடல. ஒருத்தங்க ரிவ்யூல 32 படின்னு எழுதிருக்காங்க, ஸ்க்ரோல் பண்ணிப் பாரு

செந்தில்: ஐயோ. அத பாக்கல

கலா அக்கா: புர்ரியானா பீச்சுக்கு மேல இருக்கு. அந்த பீச்சுக்கு செங்குத்தா சரிவுல இறங்கி ஏறணும். எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு தள்ளுவண்டியோட போய் அழுதுட்டு வந்தா. டொரெசியா பீச் பக்கம் பாரு, டவுனும் கிட்ட, கடலோரமா நடக்கலாம். "அசென்சோர்"னு போட்டிருந்தா லிஃப்ட் இருக்குன்னு அர்த்தம்

செந்தில்: சரி கலா. நீயே ரெண்டு மூணு பாத்து அனுப்பு. ஃப்ரீ கேன்சல் உள்ளதா பாரு

பாபு: அப்ப கிரனாடால அந்த அரண்மனை, அல்ஹம்ப்ரா?

மூர்த்தி மாமா: கூட்டம். நடை. அத்தைக்கு முடியாது

அம்மா: அத விடாதீங்கப்பா அப்பா எட்டாங்கிளாஸ் பசங்களுக்கு 1492 கிரனாடா விழுந்துச்சுன்னு சொல்லிக்கொடுக்கறப்ப போர்டுல சாக்பீஸால அந்த வளைவு வளைவா வரைவாரு கைய எடுக்காம ஒரே இழுப்புல நான் ஒரு தடவ டிபன் பாக்ஸ் கொடுக்கப் போனப்ப ஜன்னல்லேருந்து பாத்தேன் மெதுவா நடந்துக்கிறேன்

கலா அக்கா: சரிம்மா. போலாம்

செந்தில்: அதுக்கு சீக்கிரம் டிக்கெட் எடுக்கணும், அல்ஹம்ப்ராக்குள்ள இருக்கிற நஸ்ரிட் மாளிகைக்குள்ள போக டிக்கெட்லயே மணி போட்டிருப்பாங்க, அத தவறவிட்டா விடமாட்டாங்க. ஒவ்வொருத்தர் பேரும் பாஸ்போர்ட் நம்பரும் கேக்குறாங்க

கலா அக்கா: ஒரே நாள்ல போயிட்டு வந்தா அம்மாவுக்கு கார்லயே மூணு மணி நேரம். ஒரு ராத்திரி கிரனாடாலயே தங்கணும், மேட்டுல இல்ல, கீழ டவுன்ல

செந்தில்: நெர்ஹால ஒரு ராத்திரி காசு சும்மா போகுமே

கலா அக்கா: போகட்டும்

மூர்த்தி மாமா: அத நாங்க தரோம்

செந்தில்: காசு பிரச்சனை இல்ல மாமா. பேசுவோம்

பாபு: கத்திரிக்காய் வறுத்து கரும்புப் பாகு ஊத்தித் தருவாங்களாம் மாலகா பக்கம். அம்மா சாப்பிடலாம், சைவம்

அம்மா: கத்திரிக்காய்க்கு வெல்லப்பாகா

கலா அக்கா: 2 லிங்க் அனுப்பிருக்கேன். முதல்ல உள்ளதுல லிஃப்ட் இருக்கு, பாத்ரூம்ல பிடி இருக்கான்னு வீட்டுக்காரங்ககிட்ட கேட்டுருக்கேன், பதில் வரல

செந்தில்: விசாவுக்கு இப்போதைக்கு அதையே போட்டுடறேன். கிரனாடா ராத்திரி அப்புறம். அம்மா, பேர் பாஸ்போர்ட்ல எப்படி இருக்கு?

அம்மா: அப்பா பேர முழுசா சேத்து இருக்கு அப்படியே போடு

செந்தில்: பாபு உன் பாஸ்போர்ட் போட்டோ?

கலா அக்கா: பாபு

பாபு: பீரோல இருக்கு, வீட்டுக்குப் போய் அனுப்பறேன்