சைலன்சரைத் திறந்த மெஷின் புளியில் வேகமா?

கடலூர் மரவாடி:
ரெண்டும் 70 சிசி செயின்சா, ஒரே மாடல். ஒன்று வாங்கியபடியே இருக்கிறது. இன்னொன்றில் சைலன்சர் வாயைப் பெரிதாக்கி, இன்ஜினில் காற்றும் புகையும் போகிற துவாரமான போர்ட்டைக் கடைந்து, செயினை இழுக்கிற ஏழு பல் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பதில் எட்டுப் பல் போட்டேன். ஒன்றரை அடி அகலமுள்ள, வைரம் பாய்ந்த புளிக்கட்டை. வாங்கியபடி இருப்பது 41 நொடி, மாற்றியது 33. மற்ற மெஷின்களையும் மாற்றிவிடப் போகிறேன்.

வில்லியனூர் மெக்கானிக்:
அண்ணே, ரெண்டிலும் ஒரே செயினா?

கடலூர் மரவாடி:
மாற்றியதில் புதுச் செயின். மற்றதற்கும் காலையில்தான் அரம் போட்டேன். அதனால் என்ன?

வில்லியனூர் மெக்கானிக்:
அங்கேதான் விஷயமே இருக்கிறது. கீழே கொட்டியது சீவலா, மாவா? மாவு என்றால் செயின் மழுங்கல். செயின் பல்லுக்கு முன்னால் ஒரு மேடு இருக்கிறதே, அது பல் நுனியைவிட 0.65 மில்லிமீட்டர் அளவுக்காவது தாழ்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பல் கடிக்காது, வழுக்கும். பல்லுக்கு மட்டும் அரம் போட்டு இந்த மேட்டை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அப்புறம், எட்டுப் பல் ஸ்ப்ராக்கெட் போட்டால் செயின் வேகம் 14 சதவீதம் கூடும், சரி. ஆனால் இழுவையில் எட்டில் ஒரு பங்கு போய்விடும். முந்திரிக் கிளையில் தெரியாது. புளியில், செயின் சுற்றி ஓடுகிற பார் முழுக்கப் புதைந்ததும் திணறும்.

பண்ருட்டி பலா:
2011 டிசம்பர் 30, தானே புயலில் எங்கள் பலாத்தோப்பே படுத்துவிட்டது. மாதக்கணக்கில் அறுத்தோம். சைலன்சரைத் திறந்த மெஷினோடு ஒரு தம்பி வந்தார். மூன்றாம் நாளே பிஸ்டன் பிடித்துக்கொண்டது.

கடலூர் மரவாடி:
சைலன்சரைத் திறந்தால் கார்பரேட்டரில் பெட்ரோலையும் கூட்டி வைக்கணும். இதில் ஆயிலே பெட்ரோலோடு கலந்துதானே போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், பிஸ்டன் பிடிக்கத்தான் செய்யும். அது மெஷின் தப்பில்லை.

கடலூர் மரவாடி (மறுநாள்):
அந்தப் புதுச் செயினையே கழற்றி, மாற்றாத மெஷினில் போட்டு அதே கட்டையை அறுத்தேன். 36 நொடி. மெக்கானிக் தம்பிக்கு இப்போது சந்தோஷமா? இருந்தாலும் மூன்று நொடி மூன்று நொடிதான். ஒரு நாளைக்கு 200 வெட்டு என்றால் பத்து நிமிஷம் மிச்சம்.

வில்லியனூர் மெக்கானிக்:
அந்தப் பத்து நிமிஷத்தில் அரம் போடலாமே! ஏழு பல்லையே திரும்பப் போட்டு ஒருமுறை நேரம் பாருங்கள் அண்ணே.

கடலூர் மரவாடி:
பார்க்கலாம், இன்றைக்கு இல்லை. அறுத்தது ரோட்டோரப் புளி. எந்தக் காலத்தில் யார் போர்டு மாட்ட அடித்த ஆணியோ, புதுச் செயினில் நாலு பல் போச்சு.