ஏர் எடுத்தலா, குமிழி வடித்தலா? படகு எஞ்சின் கையேட்டுக்கு ஒரு சொல்

குழுவினருக்கு வணக்கம்.

பாய்மரப் படகுக்கான டீசல் எஞ்சின் கையேட்டில் 'கிளம்ப மறுக்கும் எஞ்சின்' என்ற பகுதியைத் தமிழாக்கி வருகிறேன். எரிபொருள் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலைக்கு ஒரு சொல் கேட்டிருந்தேன். ஆங்கிலத்தில் குருதி சிந்துவதற்குரிய சொல்லையே இதற்கும் வைத்திருக்கிறார்கள். 'குருதி வடிப்பு' என்று இங்கே எவரும் எழுதாததற்கே முதலில் நன்றி சொல்ல வேண்டும்.

வந்த பரிந்துரைகளைப் பார்ப்பதற்கு முன் வேலை எது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சிலர் அதைப் பார்க்காமலே சொல் அனுப்பியிருப்பதாகத் தோன்றுகிறது.

எங்கள் ஊர் வெண்ணாற்றுப் பாசனம். ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர நாள் பிடிக்கும். அதுவரை குறுவை நாற்றங்காலுக்கு ஆயில் எஞ்சின்தான் கதி. ஒரு முறை நான் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் டீசல் தீர்ந்து எஞ்சின் நின்றுவிட்டது. தொட்டியை நிரப்பி ஹேண்டிலைச் சுற்றினேன், சுற்றினேன், தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. புகைபோக்கியில் ஒரு இழை புகை இல்லை. பக்கத்து வயல்காரர் வந்து பார்த்தார். "புகையே வரவில்லை என்றால் எண்ணெய் உள்ளே போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால்தான் எண்ணெய் போகிறது, பற்றவில்லை என்று பொருள்" என்றார். பில்டரின் தலையில் இருந்த திருகைச் சற்றே தளர்த்தினார். தொட்டி மேலே இருந்ததால் டீசல் தானாக இறங்கி வந்தது. முதலில் சோடாவைப் போல நுரைத்தது, பிறகு விட்டுவிட்டுக் குமிழி, கடைசியில் தெளிந்த எண்ணெய். திருகை இறுக்கினார். சிலிண்டருக்குள் எண்ணெயைப் பீய்ச்சும் நாசிலுக்குப் போகும் குழாயின் நட்டையும் தளர்த்தி, ஹேண்டிலைச் சுற்றச் சொல்லி, அங்கேயும் தெளிந்த பிறகு இறுக்கினார். மூன்றாவது சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை அமுக்குவதில் பிறக்கும் சூட்டிலேயே எண்ணெய் பற்ற வேண்டும். எண்ணெய் உள்ளே பீறிட வேண்டுமென்றால் பம்ப் தருகிற அழுத்தம் நாசிலைத் திறக்கும் அளவுக்கு உயர வேண்டும். எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். குழாயில் ஒரு குமிழி இருந்தால் பம்ப் தள்ளுவதெல்லாம் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடுகிறது, நாசில் திறப்பதில்லை. எல்லா வில்லங்கமும் இவ்வளவுதான்.

படகில் இது இன்னும் சுலபமாக நேரும். தொட்டியில் எண்ணெய் குறைவாக இருக்கும்போது படகு ஒருபக்கம் சாய்ந்து ஓடினால் உறிஞ்சும் குழாயின் வாய் எண்ணெய்க்கு வெளியே வந்து காற்றை இழுத்துவிடும். தொட்டி எஞ்சினுக்குக் கீழே இருந்தால், வயல் எஞ்சினைப் போல எண்ணெய் தானாக இறங்கியும் வராது. பம்பில் இருக்கும் சிறு நெம்பைக் கையால் அடித்துத்தான் ஏற்ற வேண்டும்.

இனி, பரிந்துரைகள்.

'காற்றுப் பிடிப்பு' எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வாய்வுப் பிடிப்பு அறியாத தமிழர் உண்டா? எஞ்சினுக்கும் அதே நோய், அதே பெயர். ஆனால் பாய் இருக்கும் படகில் இந்தச் சொல் செல்லாது. பாய் காற்றுப் பிடித்தால் படகு ஓடுகிறது. குழாய் காற்றுப் பிடித்தால் நின்றுவிடுகிறது. 'காற்றுப் பிடித்துவிட்டது' என்று ஒருவர் கத்தினால் மற்றவர் மகிழ்வதா, ஸ்பானரைத் தேடுவதா?

'காற்றிறக்கம்' என்றால் சைக்கிள் டயர்தான் என் கண்ணுக்கு வருகிறது. 'வளியகற்றல்' பிழையற்ற சொல். பிழையற்றது என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பட்டறையில் புழங்கும் 'ஏர் எடுத்தல்' என்பதையே வைக்கலாம் என்பது கும்பகோணத்து நண்பரின் கட்சி. வலுவான கட்சிதான். ஆனால் இது ஏர் பிடித்த மண், ஐயா. சித்திரையில் நல்லேர் பூட்டுகிற ஊரில், 'எஞ்சினில் ஏர் பூட்டிக்கொண்டது' என்று அச்சில் எழுதினால் என்ன ஆகும்? பேச்சில் தொனியும் கையசைப்பும் காப்பாற்றிவிடும், தாளில் அவை இல்லை. தவிர, 'காற்றெடுத்தல்' என்று தமிழாக்கினாலும் எஞ்சின் மூச்சிழுப்பதைப் போல ஒலிக்கிறது. செய்கிற வேலை அதற்கு நேர் எதிர்.

என் பரிந்துரை: குமிழி வடித்தல். அந்தத் திருகு வழியாக வருவது வெறும் காற்று அல்ல, குமிழி கலந்த எண்ணெய். தெளியும்வரை அதை ஓடவிடுகிறோம். சோறு வடிப்பதில் வேண்டாதது போய் வேண்டியது தங்குகிறது, இங்கேயும் அதுதான். டெல்டாக்காரருக்கு வடிகால் பற்றி விளக்க வேண்டியதில்லை. பாசன வாய்க்கால் இல்லாத வயலைக்கூடப் பார்க்கலாம், ஐப்பசி மழையில் வடிகால் இல்லாத வயலை எவரும் விரும்பமாட்டார். 'குமிழ்' என்று சுருக்கினால் ரேடியோவின் குமிழ் நினைவுக்கு வரும் என்பதால் 'குமிழி' என்றே இருக்கட்டும். கிளைச்சொற்களும் முரண்டு பிடிக்கவில்லை: குமிழிவடி திருகு, தானே குமிழி வடிக்கும் எஞ்சின். வாகனத்தின் பிரேக் குழாயில் செய்யும் இதே வேலைக்கும் பொருந்துகிறது.

*

மறுமடல், மூன்று நாள் கழித்து.

திருவாரூர் அம்மையார் இரண்டு கேள்விகளால் என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டார். முதலாவது: வடிவது கீழ்நோக்கி, குமிழி எழுவது மேல்நோக்கி, இது எப்படிப் பொருந்தும்? வெள்ளம் வடிகிறது, வீக்கம் வடிகிறது, கோபமும் வடிகிறது. கோபம் எந்தத் திசையில் இறங்குகிறது என்று யாரும் மட்டம் வைத்துப் பார்த்ததில்லை. இது என்னைப் பெரிதாக அசைக்கவில்லை.

இரண்டாவது அசைத்துவிட்டது. பில்டரை நாம் 'வடிகட்டி' என்கிறோம். அப்படியானால் 'வடிகட்டியின் குமிழிவடி திருகு' என்று எழுத வேண்டிவரும். குமிழியை வடிகட்டுகிற திருகு என்று படிப்பவர் நினைக்கமாட்டாரா? போதாக்குறைக்கு அதே பில்டரின் அடியில் இன்னொரு திருகு இருக்கிறது. தண்ணீர் டீசலைவிடக் கனமானது, அடியில் தங்கும். அதை வெளியேற்ற அது. நானோ அதையும் 'வடிதிருகு' என்று எழுதி வைத்திருந்தேன். இருட்டில், ஆடுகிற படகில் ஒருவர் தவறான திருகைத் திறந்தால் பழி என் மீதுதான்.

ஆகவே மாற்றிக்கொள்கிறேன். கையேடு முழுவதும் பில்டர் பில்டராகவே இருக்கட்டும்; அச்சில் பழகிய சொல்தானே. மேலே இருப்பது குமிழித் திருகு, அடியில் இருப்பது நீர்த் திருகு. வினைக்கு மட்டும் 'குமிழி வடித்தல்'. முதல் முறை வரும் இடத்தில் 'பட்டறையில் ஏர் எடுத்தல் என்பார்கள்' என்றும் சேர்ப்பேன். கும்பகோணத்து நண்பருக்கு இந்த அளவு உரிமை உண்டு.

சோதனைக்காக எழுதிய பத்தி இது:

'எஞ்சினைச் சுற்றும்போது புகையே வராவிட்டால் குமிழி வடிக்க வேண்டும். தொட்டியில் எண்ணெய் இருப்பதையும் எஞ்சினை நிறுத்தும் கம்பி உள்ளே தள்ளப்பட்டிருப்பதையும் முதலில் பாருங்கள். குமிழித் திருகை ஒரு சுற்று தளர்த்தி, தெளிந்த எண்ணெய் வரும்வரை நெம்பை அடியுங்கள். பிறகு திருகை இறுக்குங்கள். நெடுநேரம் ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டிவந்தால் கடல்நீர் உள்ளே வரும் வால்வை மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் சைலன்சரில் நீர் நிரம்பி சிலிண்டருக்குள் ஏறிவிடலாம். எஞ்சின் பிடித்ததும் வால்வை உடனே திறக்க மறக்காதீர்கள்.'

இதை அச்செடுத்துக்கொண்டு நேற்று அக்கரைப்பேட்டைத் துறைமுகத்தில் ஒரு மெக்கானிக்கிடம் நீட்டினேன். சொல்லைப் பற்றி என்ன சொல்வாரோ என்று காத்திருந்தேன். இரண்டு முறை படித்தார். "எல்லாம் சரி, சார். நெம்பை அடிப்பதற்கு முன்னால் அடியில் ஒரு கந்தைத் துணி வைக்கச் சொல்லி எழுதவில்லையே" என்றார்.