ஹானிபல் நாவல் படிச்சு முடிச்சேன், மனசே ஆறல. உங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சா?

ராத்திரிவாசகி:

வணக்கம் எல்லாருக்கும். முதல்லயே சொல்லிடறேன், இதுல முழுக்க ஸ்பாய்லர்தான், தாமஸ் ஹாரிஸ் புத்தகங்கள இனிமேதான் படிக்கப் போறீங்கன்னா தயவுசெஞ்சு இங்கயே நிறுத்திக்கோங்க.

போன மாசம் ரெட் டிராகன் எடுத்தேன், அது முடிஞ்ச கையோட த சைலன்ஸ் ஆஃப் த லாம்ப்ஸ், அத மூணே நாள்ல முடிச்சேன், ஆபீஸ் போற ட்ரெயின்ல படிச்சுட்டே இறங்க வேண்டிய ஸ்டேஷன விட்டுட்டு அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி திரும்பி வந்தேன், அப்படி இழுத்துட்டுப் போச்சு. அடுத்து ஹானிபல். நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு முடிச்சேன், தூக்கமே வரல, அவ்வளவு கோவம்.

க்ளாரிஸ் ஸ்டார்லிங்னு ஒரு பொண்ணு. அப்பா சின்ன ஊர்ல காவல் வேல பாத்து சுடப்பட்டு செத்தவர். சொந்தக்காரங்க பண்ணையில ஆட்டுக்குட்டிங்கள அறுக்கிற சத்தம் தாங்காம ஓடிப்போன பொண்ணு அது. எஃப்பிஐ-ல ட்ரெய்னியா இருக்கும்போதே கொலகாரன் வீட்டு பாதாள அறைக்குள்ள தனியா இறங்கி, கண்ணே தெரியாத இருட்டுல, துப்பாக்கிய இழுக்கிற சத்தத்த மட்டும் வச்சு திரும்பிச் சுட்டு ஒரு உயிரக் காப்பாத்துறா. அந்தப் பொண்ண அடுத்த புத்தகத்துல என்ன பண்ணி வச்சிருக்காரு? மனுஷங்கள கொன்னு தின்ற மனநல டாக்டர் ஹானிபல் லெக்டர் அவளுக்கு மருந்து ஏத்தி, ஹிப்னாடிஸம் பண்ணி, அவ அப்பாவோட எலும்ப தோண்டி எடுத்துட்டு வந்து முன்னாடி வச்சு, கடைசில அவள மட்டம் தட்டிட்டே இருந்த அரசாங்க அதிகாரி க்ரெண்ட்லரோட மூளைய ரெண்டு பேரும் ஒரே டேபிள்ல உக்காந்து சாப்பிடறாங்க. அப்புறம் ஜோடியா ப்யூனஸ் அயர்ஸ்ல ஆபெரா பாக்குறாங்க.

ரத்தம், கொடூரம் இதெல்லாம் எனக்கு பிரச்சனையே இல்ல, அதுக்குத்தான இந்த மாதிரி புத்தகமே எடுக்கிறது. என் வருத்தம் க்ளாரிஸ் பத்திதான். இத அப்ப வந்த காலத்துல படிச்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, உங்களுக்கு எப்படி இருந்துச்சு? நான் ஏதாச்சும் தப்பா புரிஞ்சுக்கிட்டேனா?

பழையபேப்பர்:

நீங்க தப்பா ஒண்ணும் புரிஞ்சுக்கல தோழி. நான் அப்ப காலேஜ். சைலன்ஸ் வந்தது 1988, ஹானிபல் வந்தது 1999, நடுவுல பதினோரு வருஷம். அதுக்குள்ள 1991-ல படம் வந்து சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதைன்னு அஞ்சு பெரிய ஆஸ்கரையும் அள்ளிடுச்சு. ஹாரிஸ் பேட்டியும் குடுக்க மாட்டாரு, புத்தகமும் எழுத மாட்டாரு, அடுத்தது வருமா வராதான்னே தெரியாம இருந்தோம். எங்க லெண்டிங் லைப்ரரில ஒரே ஒரு காப்பி, எனக்கு முன்னாடி ஏழு பேரு பேர் குடுத்து வச்சிருந்தாங்க, என் கைக்கு வர்றதுக்குள்ள 2000 பொறந்துடுச்சு. அந்த லைப்ரரிக்காரர் குடுக்கும்போதே "படிச்சுட்டு வந்து என்கிட்ட சண்ட போடாத தம்பி"ன்னாரு.

எனக்கு க்ளாரிஸ விட பெரிய ஏமாற்றம் லெக்டர்தான். சைலன்ஸ்ல முதல் சந்திப்பு ஞாபகம் இருக்கா? க்ளாரிஸ் ஒரு கேள்வித்தாள எடுத்துட்டுப் போய் உங்களுக்கு என்ன ஆச்சுன்னு இப்படி ஆனீங்கங்கிற மாதிரி கேக்கறா. அதுக்கு லெக்டர் சொல்ற பதில்தான் அந்த கேரக்டரோட உயிரே. எனக்கு எதுவும் நடக்கல, நான்தான் நடந்தேன், என்ன நாலு காரணத்துக்குள்ள அடக்கிடலாம்னு நெனைக்காத, இதுதான் அர்த்தம். படிக்கும்போது முதுகு சில்லிட்டுப் போச்சு, ஏன்னா காரணமே இல்லாத கெட்டத எதிர்க்க நம்மகிட்ட ஒண்ணுமே இல்ல.

அதே ஆளுக்கு ஹானிபல்ல காரணம் வருது. லித்துவேனியா, ரெண்டாம் உலகப்போர், மீஷான்னு ஒரு குட்டித் தங்கச்சி, அவள பசியில இருந்த படை ஓடுகாலிங்க கொன்னு தின்னுட்டாங்க. படிச்சா பாவமா இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா பாவமா இருக்கக் கூடாதுல்ல! அவரே தன் வாயால வேண்டாம்னு சொன்னத எழுதுனவரே கொண்டுவந்து வச்சா எப்படிங்க? அது போதாதுன்னு 2006-ல ஹானிபல் ரைஸிங்னு அந்த சின்ன வயசுக் கதைய மட்டும் வச்சே முழுப் புத்தகம் வேற, அத நான் பாதில வச்சுட்டேன்.

ரெட் டிராகன்ல கொலகாரன் டாலர்ஹைடோட சின்ன வயசக் காட்டுறாரே அது மட்டும் எப்படின்னு கேப்பீங்க. அது சரியா வந்துச்சு, ஏன்னா அவன் புரிஞ்சுக்க வேண்டிய ஆளு, அவனத் தேடற வில் கிரஹாமோட வேலையே அவனப் புரிஞ்சுக்கறதுதான். லெக்டர் அப்படியில்ல. அந்த ரெண்டு புத்தகத்துலயும் அவர் கொஞ்சமாத்தான் வருவாரு, கம்பிக்கு அந்தப்பக்கம் நின்னு பேசுவாரு, அந்தக் கொஞ்சம்தான் ருசி. மூணாவதுல வெளிய விட்டு, ஒயின், இசை, வாசனை திரவியம், அவர் கொல்ற ஆளுங்க எல்லாம் நமக்கே புடிக்காத ஆளுங்கன்னு ஹீரோ ஆக்கிட்டாரு. எழுத்தாளருக்கே அவர் மேல காதல் வந்துடுச்சுன்னு எனக்கு அப்பவே தோணுச்சு, இன்னிக்கும் அதேதான்.

ஆர்னோக்கரை:

எல்லாரும் முடிவப் பத்தியே பேசுறீங்க, நான் நடுவுல லெக்டர் இத்தாலில ஒளிஞ்சு வாழற ஃப்ளாரன்ஸ் பகுதிக்காக மட்டும் இந்தப் புத்தகத்த நாலு தடவ படிச்சவன். அந்தப் பகுதிய யாரும் குப்பைன்னு சொல்லிடாதீங்க, கஷ்டமா இருக்கும்.

பாட்ஸிங்கற இன்ஸ்பெக்டர் எங்கிருந்து வர்றாருன்னு பாருங்க. ஃப்ளாரன்ஸ்ல நிஜமாவே காதல் ஜோடிகள குறிவச்சுக் கொன்ன கேஸ் ஒண்ணு இருக்கு, 1968-ல இருந்து 1985 வரைக்கும் எட்டு ஜோடி. அதுல பாச்சியானின்னு ஒரு வயசான விவசாயிக்கு 1994-ல தண்டன குடுத்து, 1996-ல அப்பீல்ல விடுதல பண்ணி, மறுபடி விசாரணைன்னு சொல்லி, அது தொடங்கறதுக்குள்ள 1998-ல ஆளு செத்தே போயிட்டாரு. ஹாரிஸ் அந்த கோர்ட்டுக்கே போய் உக்காந்து கவனிச்சவரு. அதனாலதான் நாவல்ல வர்ற பாட்ஸி, அந்த கேஸ்ல பேர் வாங்கி அப்புறம் கேஸ் கவுந்து பேர் கெட்டுப்போன போலீஸ்காரரா வர்றாரு. மானம் போன மனுஷன் கண்ணுல மூணு மில்லியன் டாலர் சன்மானம் படுது. லெக்டர போலீஸ்ல புடிச்சுக் குடுக்காம லெக்டரப் பழிவாங்கத் துடிக்கிற பணக்காரன் மேசன் வெர்ஜர் கிட்ட விக்கறதுக்கு துணியறாரு.

அதுக்கு மேல அந்த குடும்பப் பேரு. 1478-ல அப்ப ஃப்ளாரன்ஸ கைல வச்சிருந்த மெடிச்சி குடும்பத்துக்கு எதிரா பாட்ஸி குடும்பம் சதி பண்ணி, கதீட்ரல்ல பூசை நடக்கும்போது அந்தக் குடும்பத்து ஜூலியானோவ குத்திக் கொன்னாங்க, அன்னிக்கே ஃப்ரான்செஸ்கோ பாட்ஸிய இன்னிக்கு பலாஸோ வெக்கியோன்னு சொல்ற மாளிகையோட ஜன்னல்ல தொங்க விட்டாங்க. அதே மாளிகைல, அதே வம்சத்துக்காரர, லெக்டர் பழைய இத்தாலியக் கவிஞர் தாந்தே பத்தியும் யூதாஸ் பத்தியும் பேராசைக்கும் தூக்குக்கயிறுக்கும் உள்ள தொடர்பு பத்தியும் நிதானமா ஒரு லெக்சர் எடுத்து முடிச்சுட்டு தொங்க விடறாரு. பாட்ஸி அந்த லெக்சர உக்காந்து கேக்கறாரு, தன்னப் பத்தித்தான் பேசறாங்கன்னு தெரியாம. இத எழுதுன கைதான் அந்தக் கடைசி நூறு பக்கத்தையும் எழுதுச்சான்னுதான் என்னால நம்ப முடியல. எனக்கு அது முழுசா ஒரு புத்தகம், அமெரிக்கா திரும்பி வந்ததுக்கப்புறம் வேற புத்தகம்.

கறுப்புமை:

நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் நிக்கறேன், கோச்சுக்காதீங்க.

இந்தப் புத்தகம் வந்தப்போ எல்லாருமே திட்டினாங்கன்னு ஒரு பேச்சு இருக்கு, அது உண்மையில்ல. நாவலாசிரியர் மார்ட்டின் ஏமிஸ் கிழிச்சுத் தொங்க விட்டாரு, ஆனா திகில் கதை எழுதற ஸ்டீஃபன் கிங் தலைல தூக்கி வச்சுப் பாராட்டினாரு, ரெண்டு பேரும் சாதாரண ஆளுங்க இல்ல.

க்ளாரிஸ் கதை எங்க தொடங்குதுன்னு கவனிங்க. மீன் மார்க்கெட்ல நடக்கிற துப்பாக்கிச் சண்டைல அவ செய்ய வேண்டியத சரியா செஞ்சா, அதுக்கப்புறம் டிபார்ட்மெண்ட் அவளத்தான் பலி குடுக்குது. க்ரெண்ட்லர் ஏழு வருஷமா அவ முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்ட போட்டுட்டே இருக்கான், அவன் கூப்பிட்டதுக்கு அவ போகலங்கறது ஒண்ணுதான் காரணம். அவளுக்கு ஆதரவா இருந்த மேலதிகாரி க்ராஃபோர்ட் கைல ஒண்ணும் இல்ல, உடம்பும் போயிடுச்சு, கடைசில செத்தும் போறாரு. தகுதி இருந்தா மேல வரலாம்னு நம்பி வந்த ஏழைப் பொண்ணுக்கு அந்த ஆபீஸ் குடுத்த கூலி இதுதான். வேல பாக்குற பொம்பளைங்க யார வேணா கேளுங்க, இது பொய்ன்னு சொல்ல மாட்டாங்க. நான் பதினாறு வருஷமா ஒரே ஆபீஸ்ல இருக்கேன், எனக்குத் தெரியும். அவ அத விட்டுட்டு வெளிய போறதுல எனக்கு ஒரு நிம்மதி இருந்துச்சு. எந்த வாசல் வழியா போறாங்கறதுதான் பயங்கரம், இது பயங்கரக் கதைதான?

இன்னொண்ணு, மருந்துதான் அவள வச்சிருக்குன்னு நெனைக்கறீங்க. கடைசி அத்தியாயத்த திரும்பப் படிங்க, அந்த மருந்துக்கெல்லாம் அவங்க வாழ்க்கைல வேலையே இல்லாம ரொம்ப நாளாச்சுன்னு ஹாரிஸே எழுதியிருக்காரு.

ராத்திரிவாசகி:

கறுப்புமை அக்கா (அக்கான்னு கூப்பிடலாம்ல?), நீங்க சொன்னதும் போய் அந்த அத்தியாயத்த திரும்பப் படிச்சேன். ஆமா, அந்த வரி இருக்கு, நேத்து அரைத்தூக்கத்துல நான் கவனிக்காம தாண்டிட்டேன். ஆபீஸ் பத்தி நீங்க எழுதினது படிச்சப்ப ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, க்ரெண்ட்லர் வர்ற பக்கமெல்லாம் எனக்கும் எங்கயோ பாத்த மூஞ்சி மாதிரியே இருந்துச்சு.

ஆனாலும் எனக்கு ஒத்துக்க முடியலக்கா. அவ வேலைய தூக்கிப் போட்டுட்டு, தெளிஞ்ச மனசோட, நான் போறேன்னு நடந்து போயிருந்தா லெக்டர் கூடப் போனாக்கூட நான் பதறியிருப்பேன், ஆனா ஏத்துக்கிட்டிருப்பேன். இங்க அவள தூக்கிட்டுப் போய் வாரக்கணக்குல மருந்துல வச்சு, அவ துக்கத்த நோண்டி நோண்டி, செத்துப்போன தங்கச்சி மீஷாவுக்கு இவ உடம்புல எடம் பண்ணலாமான்னு ஒருத்தன் திட்டம் போடறான். அப்புறமா மருந்து நின்னுடுச்சுன்னா, அந்த இடத்துல நிக்கறது யாரு? பழைய க்ளாரிஸா, அவன் செஞ்சு வச்சவளா? சைலன்ஸ் முழுக்க லெக்டர் அவகிட்ட கேள்வி கேட்டுட்டே இருப்பாரு, அவ உண்மைய சொல்லுவா, ஆனா அவள மாத்த அவரால முடியவே முடியாது. அதுக்காகத்தான் எனக்கு அவள புடிச்சுது. மூணாவது புத்தகம் சரி முடியும்னு சொல்லிடுச்சு.

அர்டீலியா மாப்ப நெனச்சா இன்னும் வலிக்குது. ஒண்ணா ட்ரெய்னிங் முடிச்ச சிநேகிதி, ஒரே வீட்ட ரெண்டு பேரும் பகிர்ந்துக்கிட்டு இருந்தவங்க, இவள தேடித்தேடி அலையறா. அவளுக்கு கடைசில கிடைக்கறது ஒரு மோதிரமும் துண்டுக் கடுதாசியும்.

படப்பெட்டி:

படத்துலயும் இந்த முடிவ வைக்கல, அது தெரியுமா? 2001-ல ரிட்லி ஸ்காட் எடுத்தாரு. முதல் படத்த எடுத்த ஜோனதன் டெமி வரல, திரைக்கதை எழுதி ஆஸ்கர் வாங்கின டெட் டாலி வரல, ஜோடி ஃபாஸ்டரும் நடிக்கல, ஜூலியன் மூர்தான் க்ளாரிஸ். படத்துல க்ளாரிஸ் கடைசி வரைக்கும் போலீஸ்தான், லெக்டர் கையோட தன் கைய சேத்து விலங்கு மாட்டிடுவா, அவரு அவ கைய வெட்டாம தன் கையவே வெட்டிக்கிட்டு தப்பிச்சுடுவாரு. அந்த ஒரு காட்சில லெக்டருக்கு அவ மேல இருக்கறது என்னங்கறதும் வந்துடுது, அவ வளைஞ்சு குடுக்கலங்கறதும் வந்துடுது. மத்தபடி படம் சுமார்தான், ஆனா முடிவ மட்டும் வச்சுப் பாத்தா எனக்கு புத்தகத்த விட படம் மேல்.

பழையபேப்பர்:

படப்பெட்டி சொன்னது சரி, அந்த விலங்கு சீன் எனக்கும் புடிக்கும்.

ராத்திரிவாசகி, ஒண்ணு மட்டும் செய்யுங்க. ஹானிபல் ரைஸிங் இப்போதைக்கு வேண்டாம். சைலன்ஸோட கடைசி அத்தியாயத்த மட்டும் எடுத்துப் படிங்க. லெக்டர் கடுதாசி போடுவாரு, ஆட்டுக்குட்டிங்க கத்தறது நின்னுடுச்சான்னு கேட்டு, நின்னாலும் அது நிரந்தரமில்ல, திரும்பத் திரும்ப நீ சம்பாதிக்கணும்னு சொல்லுவாரு. அதுக்கப்புறம் கடலோரமா ஒரு வீட்டுல அவ தூங்கிட்டிருப்பா. அங்க முடியுது. 1988-ல படிச்சவங்களுக்கு பதினோரு வருஷம் அதுதான் முடிவு. நான் என் அலமாரில ரெண்டு புத்தகம் மட்டும்தான் வச்சிருக்கேன், மூணாவத பழைய புத்தகக் கடைல குடுத்துட்டேன்.

ஆர்னோக்கரை:

குடுத்துட்டீங்களா? ஃப்ளாரன்ஸ் பகுதிய கிழிச்சு வச்சுக்கிட்டாவது குடுத்திருக்கலாம்ங்க!

ராத்திரிவாசகி:

இப்பதான் அந்தக் கடைசி அத்தியாயத்த படிச்சு முடிச்சேன். அழுதுட்டேன். படத்துல அவ ஆட்டுக்குட்டிய தூக்கிட்டு ஓடினதா சொல்லுவா, புத்தகத்துல அறுக்கப் போற ஒரு குதிரைய கூட்டிட்டு ஓடுவா, கண்ணு சரியா தெரியாத குதிரை, ஹன்னான்னு பேரு, அந்தக் குதிரை அப்புறம் பல வருஷம் உயிரோட இருக்கும். அந்தப் பக்கத்தையும் தேடி எடுத்து இன்னொரு தடவ படிச்சேன். ஹானிபல் இப்போதைக்கு அலமாரில பின் வரிசைக்குப் போகுது. கறுப்புமை அக்கா, உங்க கூட இத இன்னும் பேசணும், நாளைக்கு வேல முடிஞ்சு வந்து எழுதறேன்.