மக்களாட்சிக்கும் மிளகு விலைக்கும் என்ன சம்பந்தம்?

அம்மாபேட்டை மாணவன்:
கல்லூரிக் கருத்தரங்கில் ‘மக்களாட்சி எல்லோருக்குமான வளர்ச்சியைத் தருமா’ என்று பேச வேண்டும். சீனாவில் ஓட்டு இல்லாமலே வறுமை குறைந்ததே என்று நண்பன் மடக்குகிறான். நம் சேலம் மாவட்டத்திலிருந்து ஏதாவது உதாரணம் இருந்தால் சொல்லுங்களேன்.

ஏற்காடு மிளகுக்காரி:
தம்பி, சீனாவைப் பற்றி எனக்குத் தெரியாது. எங்கள் ஊர்ப் பாதையைப் பற்றிச் சொல்கிறேன்.

2020 ஜனவரியிலிருந்து ஐந்து வருடம் ஊராட்சி வார்டு உறுப்பினராக இருந்தேன். பெண்களுக்கான 50 சதவீத ஒதுக்கீட்டில் வந்த இடம். (முதல் வருடம் எல்லோரும் என் வீட்டுக்காரருக்குத்தான் போன் செய்தார்கள்.) அதற்கு முன், 2016 அக்டோபர் தொடங்கி மூன்று வருடத்துக்கு மேல் தேர்தலே இல்லை. மன்றத்துக்குப் பதில் அரசு நியமித்த தனி அலுவலர்தான். நல்ல மனிதர், ஆனால் ஒன்றியத்தில் இருக்கிற எல்லா ஊராட்சிக்கும் அவர் ஒருவரே. யார் வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போடுவது? தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை என்று மத்திய நிதிக்குழு மானியமும் நின்றுபோனது.

எங்கள் ஊரிலிருந்து தார் ரோட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர். மிளகு மூட்டையைத் தலையில் சுமந்து போனால், அங்கே நிற்கும் வியாபாரி சொன்னதுதான் விலை. விலை கட்டுப்படியாகவில்லை என்று திரும்பவும் சுமந்து வர முடியுமா? நான் உறுப்பினரான பிறகு கிராம சபையில் மூன்று முறை தீர்மானம் போட்டு, பாதையை சிமெண்ட் ரோடாக்க வைத்தோம். இப்போது மினி லாரி வாசலுக்கு வருகிறது. சேலத்தில் நாலு கடை விசாரித்து விற்கிறோம். அதே சில்வர் ஓக் மரம், அதே கொடி, அதே மிளகுதான்.

இன்னொன்று. கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று விடுமுறை நாளில் நடந்தால் எஸ்டேட் கூலிக்காரர்கள் வருவார்கள். 2022 முதல் நவம்பர் 1-ம் சேர்ந்தது. காப்பிப் பழம் பறிக்கிற நேரம் அது. அன்றைய கூலியை விட்டு யார் வருவார்கள்? அன்று பேசியதெல்லாம் தோட்டம் வைத்திருப்பவர்கள்தான்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை:
அக்கா, மலைக்கு அது சரி. மாநகராட்சியிலும் 2016 முதல் 2022 வரை கவுன்சிலர் கிடையாது. கொலுசுத் தொழில் நின்றுவிட்டதா? வெள்ளி விலை ஏறினால் எங்களுக்கு வேலை குறையும். அதற்கு எந்த ஓட்டும் மருந்தில்லை.

ஏற்காடு மிளகுக்காரி:
தொழில் நிற்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். கவுன்சிலர் இல்லாத அந்த வருடங்களில் உங்கள் தெருச் சாக்கடை எப்படி இருந்தது தம்பி?

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை:
அதைக் கேட்காதீங்க அக்கா. மழை பெய்தால் பட்டறைக்குள் முழங்கால் தண்ணீர். முதலாளி மாடியில் இருப்பார். கீழே கொலுசு பற்றவைக்கிற எங்களுக்குத்தான் அன்றைக்குக் கூலி போகும்.

அம்மாபேட்டை மாணவன்:
இரண்டையுமே சொல்கிறேன். அக்கா, இப்போது பாதை எப்படி இருக்கிறது?

ஏற்காடு மிளகுக்காரி:
2025 ஜனவரியில் எங்கள் காலம் முடிந்தது, மறுபடி தனி அலுவலர். போன மழையில் இரண்டாவது வளைவு பெயர்ந்துவிட்டது. மனு கொடுத்திருக்கிறேன்.