லிபரோவாகப் போட்டிருக்கிறார்கள், காலேஜ் வரை போக முடியுமா?

சாண்ட்லர் அப்பா:
மகள் ஒன்பதாம் வகுப்பு, உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். பள்ளி வாலிபால் அணியில் எடுத்துவிட்டார்கள், ஆனால் லிபரோ, அதாவது எதிரணி அடிக்கும் பந்தை எடுப்பதற்கென்றே இருக்கும் ஆட்டக்காரி. வேறு கலர் ஜெர்சி, பின்வரிசையில் மட்டும் ஆட்டம், ஸ்மாஷ் கிடையாது. முகமே வாடிவிட்டது. சீசன் முடிந்ததும் வெளியே தனியார் கிளப்பில் சேர்க்கச் சொல்கிறார்கள், செலவு ஆயிரக்கணக்கில் டாலர். சேர்க்கலாமா?

கில்பர்ட் அம்மா:
என் மூத்தவள் பள்ளியில் கடைசிவரை லிபரோதான். நல்ல இடம், தைரியமாக ஆடச் சொல்லுங்கள். சர்வதேச ஆட்டத்தில் லிபரோ சர்வீஸ் போட முடியாது. இங்கே அமெரிக்காவில் பள்ளியிலும் காலேஜிலும், சர்வீஸ் சுழற்சியில் ஒருத்தியின் முறை வரும்போது அவளுக்குப் பதில் போடலாம். அப்புறம், சர்வதேச ஆட்டத்தில் ஒரு செட்டுக்கு 6 முறைதான் ஆள் மாற்றலாம். இங்கே காலேஜ் பெண்கள் ஆட்டத்தில் 15, பள்ளியில் 18. அதனால் உயரமான பெண் பின்வரிசைக்கு வந்ததும் அவளை எடுத்துவிட்டு, பந்தை நன்றாக எடுக்கிறவளை இறக்குவார்கள். லிபரோ போக இன்னும் ஓரிருவருக்கு அப்படி இடம் கிடைக்கும்.

எதிரணி போடும் சர்வீஸை எடுப்பதுதான் லிபரோவுக்குச் சோறு. சுழலாமல் மிதந்து வரும் ஃப்ளோட் சர்வீஸ் கடைசி நேரத்தில் விலகும். சர்வீஸ் அடிக்கிறவள் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று உங்கள் மகள் முதலில் பார்க்கட்டும். கையை வீசக் கூடாது, பந்து வரும் இடத்துக்குக் கால் போய் நிற்க வேண்டும்.

கிளப்புக்கு அவசரமே இல்லை. அரிசோனாவில் வசந்த காலத்தில் பெண்களுக்குப் பள்ளி பீச் வாலிபால் உண்டு. பக்கத்துக்கு இரண்டே பேர். அவளே எடுத்து, அவளே அடிக்க வேண்டும், ஸ்மாஷ் ஆசையும் தீரும். காலேஜ் விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பு 2016 முதல் பீச்சுக்கும் சாம்பியன்ஷிப் நடத்துகிறது. டூசானில் அரிசோனா பல்கலை, டெம்பியில் ஏஎஸ்யூ (அரிசோனா ஸ்டேட் பல்கலை), ஃபீனிக்ஸில் கிராண்ட் கேன்யன் பல்கலை, மூன்றிலும் அணி இருக்கிறது.

மெசா வாசி:
நம்மவர்கள் ஏஎஸ்யூவை மட்டுமே பார்க்கிறோம். மெசா, சாண்ட்லர்-கில்பர்ட் கம்யூனிட்டி காலேஜ்களிலும் பெண்கள் அணி உண்டு. இரண்டு வருடம் ஆடிவிட்டுப் பெரிய காலேஜுக்கு மாறலாம். பையன்களுக்குத்தான் வழி குறுகல். மாநிலத்தில் என்சிஏஏ முதல் பிரிவு (காலேஜ் ஆட்டத்தின் மேல் மட்டம்) ஆண்கள் அணி கிராண்ட் கேன்யனில் மட்டும்தான் இருந்தது, அதையும் 2025 சீசனோடு நிறுத்திவிட்டார்கள். 2024இல் தேசிய அரையிறுதி வரை வந்தார்கள், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சாண்ட்லர் அப்பா:
பீச் என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்! அதற்குத் தனித் தேர்வா?

கில்பர்ட் அம்மா:
எங்கள் பள்ளியில் தனித் தேர்வுதான், கோச்சிடம் இப்போதே சொல்லி வையுங்கள். ஏப்ரலில் மணல் சுடும், மணல் சாக்ஸ் ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள்.